‘ரைசோபியம்’ என்னும் பெயரும் அதன் பொருளும்

பயறு விதைக்கும் பருவம் நெருங்கியதும் வேளாண்மைக் கிடங்குகளிலும் உரக்கடைகளிலும் சிறு பொட்டலங்கள் வந்து இறங்குவதை நம் விவசாயிகள் யாவரும் அறிவர். ஒவ்வொன்றிலும் 200 கிராம் கருமை நிறத் தூள் இருக்கும். அண்மைக் காலத்தில் இதுவே திரவமாகப் புட்டிகளில் அடைக்கப்பட்டும் வருகிறது. மேலே ‘ரைசோபியம்’ என்று அச்சிட்டிருக்கும். இச்சொல்லை உச்சரிப்பதற்கே பலர் இடர்ப்படுகின்றனர். ஆதலின் அவரவர் வாய்க்கு இசைந்தவாறு பவுடர் என்றோ, விதை மருந்து என்றோ, கறுப்புத் தூள் என்றோ கேட்டு வாங்கிச் செல்கின்றனர். விற்பவரும் அப்படியே எடுத்துக் கொடுக்கிறார்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று என்பது என் அபிப்பிராயம். பவுடர் என்று சொல்லி வாங்கியதைப் பவுடராகவே வைத்துக்கொள்கிறோம். மருந்து என்று சொல்லி வாங்கியதை மருந்தோடு மருந்தாகக் கலக்கிறோம். உண்மையில் அப்பொட்டலத்துள் இருப்பது இவ்விரண்டும் அன்று. கண்ணுக்குப் புலப்படாத, ஒரே உயிரணுவாலாகிய ஜீவன்கள் கோடிக்கணக்கில் அதனுள் அடைந்து கிடக்கின்றன. இதை நமக்குத் தெரிவிக்கும் பொருட்டே அப்பெயர் இடப்பட்டது. பெயரின் பொருள் நம்மிடம் வந்து சேராமல் ஓசை மட்டுமே வந்து சேர்ந்தது.

பெயர் கிரேக்க மொழியினின்றும் ஆக்கப்பட்டது. ‘ரைசா’ என்பது வேர். ‘பயோஸ்’ என்பது உயிர் வாழ்க்கை. இரண்டும் கூடிய ‘ரைசோபியம்’ என்ற சொல்லுக்கு ‘வேரில் வாழ்வது’ என்பது பொருள். இதை இட்டவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு பிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவர நூலறிஞர், ஆண்டு 1889. மரங்களின் வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகளுக்கு ‘மைக்கோரைசா’, அதாவது ‘பூஞ்சைவேர்’, என்ற பெயரை 1885-ஆம் ஆண்டில் வழங்கியவரும் அவரே. வேரும் மண்ணுயிரும் சேர்ந்து நடத்தும் குடித்தனத்தைப் பற்றியே அவர் நெடுங்காலம் சிந்தித்து வந்தார்.

ஆனால் அப்பெயரை அடையுமுன் மேனாட்டு அறிஞர்கள் நடந்த வழி வளைந்தும் நெளிந்தும் சென்றது. பயறு வகைச் செடிகளின் வேர்களில் சிறு சிறு உருண்டைகள் காணப்படுதலை இத்தாலியரான மால்பிகி என்பவர் 1679-ஆம் ஆண்டிலேயே படமாக எழுதி வைத்தார். எனினும் அவற்றை ஒருவகைக் கழலை என்றே அவர் கருதினார். அதன்பின் இருநூறு ஆண்டுகள் வரை அவ்வுருண்டைகளை நோய் என்றவரும் உண்டு. பூச்சி இட்ட வீக்கம் என்றவரும் உண்டு. 1866-ஆம் ஆண்டில் ருஷ்ய அறிஞர் வோரோனின் அவற்றை அறுத்துப் பூதக்கண்ணாடியில் நோக்கி, உள்ளே பாக்டீரியா போன்ற நுண்ணிய உருவங்கள் நிறைந்திருக்கக் கண்டார். 1879-ல் பிராங்க் தாமே அவ்வுருண்டைகளில் வாழ்வதை ஒரு பூஞ்சை என்று எண்ணி, ‘ஷின்ஸியா’ என்று வேறொரு பெயர் சூட்டினார். செடியை அண்டிப் பிழைக்கும் ஒட்டுண்ணி என்பதே அப்போது அவர் கொண்ட கருத்து. பத்தாண்டு கழித்து அதே கையால் அதே உயிருக்கு ‘வேரில் வாழ்வது’ என்று எழுதினார்.

இடையில் நிகழ்ந்தது யாது? ஜெர்மனியிலுள்ள பெர்ன்பர்க் என்னும் ஊரில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் மணல் நிரப்பிய தொட்டிகளில் ஓட்ஸ் தானியத்தையும் பட்டாணியையும் வளர்த்துப் பார்த்தனர். ஓட்ஸ் பயிர், தனக்கு இட்ட தழைச்சத்தின் அளவுக்கு ஏற்பவே வளர்ந்தது. இடாத தொட்டியில் வாடியது. பட்டாணியோ எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. சத்து இடாத தொட்டிகளிலும் சில செடிகள் செழித்தன, சில மடிந்தன. நல்ல நிலத்து மண்ணை நீரில் கரைத்துத் தெளிய வைத்த சாற்றைச் சிறிது ஊற்றியபோது எல்லாச் செடிகளும் வேரில் உருண்டைகள் கட்டிச் செழித்தன. அதே சாற்றைக் கொதிக்க வைத்து ஊற்றியபோதோ உருண்டையும் இல்லை, செழிப்பும் இல்லை. சத்துப் பொருளாயின் கொதிப்பினால் அழிந்திராது. கொதிப்பினால் அழிந்தது ஓர் உயிர் என்பது புலனாயிற்று. இச்செய்தி 1886-ஆம் ஆண்டில் பெர்லினில் கூடிய அறிஞர் அவையில் அறிவிக்கப்பட்டு, 1888-ல் விரிவாக வெளிவந்தது. கொதித்த சாற்றின் கதையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் நம் கிடங்குகளைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் வேண்டியதாகும்.

அவ்வாண்டிலேயே ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில், ஓர் ஈஸ்ட் தொழிற்சாலையில் ஆராய்ச்சியாளராக இருந்த பைஜெரிங்க் என்பவர் அவ்வுயிரை உருண்டையினின்றும் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்துக் காட்டினார். அவர் இட்ட பெயர் ‘பாசில்லஸ் ராடிசிகோலா’. ‘பாசில்லஸ்’ என்பது லத்தீன் மொழியில் சிறு கோல். ‘ராடிசிகோலா’ என்பது வேரில் குடியிருப்பது. பாக்டீரியா என்னும் பொதுப் பெயரும் கிரேக்க மொழியில் சிறு கோல் என்றே பொருள்படும். 1828-ல் எஹ்ரன்பர்க் என்பவர் கோல் போன்ற உருவம் கண்டு இட்ட பெயர் அது. பைஜெரிங்க் உருவத்தை முன்னிட்டு ஒரு சொல்லும் இருப்பிடத்தை முன்னிட்டு ஒரு சொல்லும் வைத்தார். பிராங்க் உருவத்தை விட்டுவிட்டு வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டார். உலகம் ஏற்றது பின்னவர் பெயரையே. இப்போது ‘பாசில்லஸ்’ என்பது முற்றிலும் வேறான ஓர் இனத்துக்கு உரிய பெயராகிவிட்டது. அவ்வினத்தவை வறட்சியும் வெப்பமும் வரும்போது தடித்த உறைக்குள் வித்துருக் கொண்டு காத்திருக்க வல்லவை. ரைசோபியத்துக்கு அவ்வாற்றல் இல்லை. அது வித்துருக் கொள்வதில்லை. அதனால்தான் வெயிலில் மடிகிறது.

இங்கே பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். யூரியா மூட்டை வெயிலில் கிடந்தால் கட்டி தட்டும். உயிரை இழக்காது, இழப்பதற்கு அதில் உயிர் இல்லை. ரைசோபியப் பொட்டலம் தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் சில நாள் கிடந்தால், ஹெல்ரீகல் கொதிக்க வைத்த மண்சாற்றின் கதிதான் அதற்கும். தூளின் நிறம் மாறாது, எடை குறையாது, பொட்டலம் கிழியாது. வாங்குபவர் வேற்றுமை காண வழியே இல்லை. விதையில் கலந்து விதைப்பார். பயன் காணாமல், இதெல்லாம் வெறும் தூள் என்று முடிவு கட்டுவார். அடுத்த ஆண்டு நல்ல பொட்டலத்தைக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். ஒரு பருவத்து நஷ்டத்தினும் இந்த அவநம்பிக்கையே பெரிது.

இந்த அவநம்பிக்கை நம் நாட்டில் தோன்றியதன்று. ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் என்னும் இருவர் 1896-ஆம் ஆண்டளவில் இவ்வுயிரை வளர்த்துக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, ‘நைட்ரஜின்’ என்ற வியாபாரப் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பதினேழு வகைப் பயிர்களுக்குத் தனித்தனியே தயாரித்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் பெயரைப் பாருங்கள். நைட்ரஜனை நினைவூட்டும் அப்பெயரில் உயிர் என்னும் குறிப்பே இல்லை. ஏதோ சத்துப் பொருளைப் புட்டியில் அடைத்து விற்பதுபோலத் தொனிக்கிறது. பல இடங்களில் பலன் கிட்டவில்லை. குறை யாவும் பெயரின்மேல்தான் என்று நான் சொல்ல வரவில்லை. எனினும் பாதுகாப்புக்குத் தக்க எச்சரிக்கை எதையும் அப்பெயர் தரவில்லை என்பது வெளிப்படை.

‘நைட்ரஜன்’ என்று எழுதும்போதே ஒரு விந்தை நினைவுக்கு வருகிறது. அவ்வாயுவுக்குப் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியரும் அவர் கூட்டாளிகளும் 1787-ல் இட்ட பெயர் ‘அசோட்’. உயிர் இல்லாதது, உயிரைத் தாங்காதது என்பது அதன் கருத்து. அவ்வாயுவில் அடைபட்ட பிராணிகள் மடிந்தமையால் அப்பெயர் வந்தது. நெல்லுக்கு இடும் ‘அசோஸ்பைரில்லம்’ என்ற உயிரின் பெயரில் முன்னே நிற்பது இந்த ‘அசோ’தான். பின்னே வரும் ‘ஸ்பைரில்லம்’ சிறு சுருள் என்று பொருள்படும். உயிரைத் தாங்காதது என்று இகழப்பட்ட காற்றை உணவாக்கித் தரும் உயிர்களுக்கு அந்த இகழ்ச்சிச் சொல்லே முதலடையாக அமைந்துவிட்டது.

அதே பொருளை நம்மவர் எவ்வாறு பெயரிட்டனர் என்பதையும் நோக்குக. நைட்ரஜனுக்குத் தழைச்சத்து, பாஸ்பரஸுக்கு மணிச்சத்து, பொட்டாஷுக்குச் சாம்பல்சத்து. தழைக்கச் செய்வது, மணி பிடிக்கச் செய்வது, சாம்பலிற் கிடைப்பது என்று பயிரில் கண்ணாற் கண்டதையே பெயராக வைத்தனர். எழுத்தறியாதவரும் இச்சொற்களைப் பிழையின்றி வழங்குகின்றனர். மூட்டையில் எந்தச் சத்து எவ்வளவு என்று கேட்டு வாங்குகின்றனர். நல்ல பெயர் அவ்வளவு வேலை செய்யும். இரசாயனச் சத்துகளுக்கு இத்தனை பொருத்தமான சொற்களை ஆக்கிக்கொண்ட நாம், உயிருள்ள உரத்துக்கு மட்டும் பொருள் விளங்காத ஓசையோடு நின்றுவிட்டது ஏன்?

ஆகையால் பொட்டலத்தின் மேல் ‘வேருயிர்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் இடவேண்டும் என்று நான் சொல்லுவேன். ‘ரைசோபியம்’ என்பதன் நேர்ப்பொருளே அதுவாகும். உயிர் என்ற சொல் காதில் விழுந்தால் நம் விவசாயி அதை வெயிலில் போடமாட்டார். கன்றுக்குட்டியை வெயிலில் கட்டுபவர் யார்? விதைக்குப் பூஞ்சைக்கொல்லி பூசிய கையோடு அதையும் சேர்த்துக் குழப்பமாட்டார். நஞ்சையும் உயிரையும் ஒரே கலத்தில் இடலாகாது என்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலில் மருந்தைப் பூசி, ஒரு நாள் விட்டு, பின்னர் ஆறிய வடிகஞ்சியில் வேருயிரைக் கலந்து விதைமேல் தடவி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்கவேண்டும் என்ற முறை முழுவதும் அந்த ஒரு சொல்லினின்றே பிறக்கிறது. கஞ்சி ஏன் ஆறியிருக்க வேண்டும், உலர்த்துவது ஏன் நிழலில் என்று காரணம் கேட்பார்க்குப் பெயரே விடை.

விஞ்ஞானப் பெயரை நீக்கிவிடவேண்டும் என்பாரோடு நான் உடன்படவில்லை. சட்டத்திலும் ஆராய்ச்சிச் சாலையிலும் அப்பெயரே வழங்குவதால் அதுவும் பொட்டலத்தில் இருத்தல் அவசியம். மேலும் அப்பெயர்கள் ஆராய்ச்சி வளர வளர மாறும் இயல்புடையன. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவற்றின் வேரில் பெரும்பாலும் வாழ்பவை சோயாமொச்சையின் வேருயிரைப் போலவே ஆய்வுத் தட்டில் மெல்லப் பெருகுவன. இதனால் 1982-ஆம் ஆண்டில் ஜோர்டன் என்பவர் இத்தகையவற்றைப் பிரித்து ‘பிராடிரைசோபியம்’ என்று வேறு பெயர் இட்டார். ‘பிராடி’ என்பது கிரேக்கத்தில் மந்தம். இதைக் கேட்டுச் சிலர் இது சோம்பல் வகை போலும், வேகமுள்ள வகையைக் கொடுங்கள் என்கின்றனர். அது தவறான எண்ணம். மற்றவை இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியுமளவு பெருகும்போது இவை ஐந்து ஏழு நாள் எடுத்துக்கொள்ளும், மந்தம் அவ்வளவே. வயலில் சத்துச் சேர்ப்பதில் இவை பின்வாங்குவன அல்ல. பெயரின் பொருளை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் இத்தகைய விபரீதமும் நேரும். ஆகவே வேருயிர் என்ற பொதுப்பெயரைப் பயிர்ப்பெயரோடு சேர்த்து ‘உளுந்து வேருயிர்’, ‘நிலக்கடலை வேருயிர்’, ‘கொண்டைக்கடலை வேருயிர்’ என்று எழுதுதல் உத்தமம். இது அலங்காரத்துக்காக அன்று. கொண்டைக்கடலையின் வேரில் குடியேறுவது வேறு இனம். அதை உளுந்துக்கு இட்டால் பயன் இராது. சோயாமொச்சையைப் புதிதாகப் பயிர் செய்யும் நிலத்தில் அதற்குரிய வேருயிர் மண்ணில் இல்லாமலிருக்கலாம். நெடுங்காலமாக உளுந்தோ பாசிப்பயறோ விளைந்து வரும் நிலத்திலோ அவற்றுக்கு உரியது முன்பே குடியிருக்கும். அங்கே பொட்டலத்தால் கிடைக்கும் நன்மை குறைவாகவும் இருக்கக்கூடும். எந்தப் பயிருக்கு என்று கேளாமல் வாங்குவது, சாவி பூட்டுக்குப் பொருந்துமா என்று பாராமல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை 2006-ல் திருத்தப்பட்டு, உயிர் உரங்களும் அதன் கீழ் கொண்டுவரப்பட்டன. தூளாயின் ஒரு கிராமில் குறைந்தது ஐந்து கோடி, திரவமாயின் ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி என உயிரோடிருக்கும் அணுக்களின் அளவை அது விதிக்கிறது. பொட்டலத்தில் குறிக்கப்பட்ட பயிர்கள் அனைத்திலும் வேர் உருண்டைகள் நன்கு தோன்றவேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. ஆகவே உயிர் என்பதையும் பயிர்ப்பெயர் என்பதையும் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பொட்டலத்தின் முகப்புத்தான் இன்னும் ஏற்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் பயிரின் பெயரும் காலாவதி நாளும் இருக்கக் காண்கிறோம். மானியத்தில் வழங்கும் பொட்டலங்கள் ஊருக்கு வந்து சேரும்போது கிராம அதிகாரிகள் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், அந்த நாளையும் சரிபார்த்துக் கையெழுத்திடுவது நல்லது. இருப்புக் கணக்கில் யூரியாவோடு ஒரே வரிசையில் எழுதப்படுவதாலேயே கிடங்கிலும் யூரியாவோடு ஒரே அடுக்கில் ஏறிவிடுகிறது.

வேரிலுள்ள உருண்டைகளின் தமிழ்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. இவற்றை ‘வேர்முடிச்சு’ என்று எழுதுகிறோம். நூற்புழு தாக்கி வேர் புடைத்துப் பயிர் நலியும் நோய்க்கும் ‘வேர்முடிச்சு’ என்றே பெயர். ஒன்று வரவு, மற்றொன்று செலவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மால்பிகி மயங்கியதுபோலவே நம்மவரும் மயங்குவர். செடியைப் பிடுங்கிப் பார்த்து, நல்ல உருண்டைகளை நோயென்று அஞ்சி மருந்திட விரைவார் ஒருவர். புழு இட்ட புடைப்பைக் கண்டு மகிழ்ந்து வாளா இருப்பார் வேறொருவர். பழைய பாடநூல்களில் ‘வேர்முண்டு’ என்ற சொல் காணப்படுகிறது. அதை நல்லதற்கு வைத்துக்கொண்டு ‘முடிச்சு’ என்பதைப் புழுவுக்கு விட்டுவிடலாம். இரண்டையும் பிரித்தறிதல் அரிதன்று. வேர்முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். புழு முடிச்சு வேரே தடித்துப் புடைத்தது. வேரை முறிக்காமல் அது வாராது. உதிர்ந்த முண்டை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியவேண்டும். நம் இரத்தத்திலுள்ள செம்பொருளுக்கு இனமான ஒன்று அங்கே இருப்பதை ஜப்பானியரான குபோ 1939-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சிவப்பாயின் வேருயிர் உழைக்கிறது. வெளுத்தோ பசுமையாகவோ இருப்பின் உழைக்கவில்லை, அல்லது உழைத்து ஓய்ந்துவிட்டது. விதைத்து முப்பது நாற்பது நாளில், பூக்கும் தறுவாயில், நான்கைந்து செடிகளை மண்ணோடு அகழ்ந்தெடுத்துப் பார்த்தால், பொட்டலம் மெய்யோ பொய்யோ என்பது எந்த ஆய்வுச்சாலையின் உதவியுமின்றி விளங்கிவிடும். யூரியாவை மிகுதியாக இட்ட வயலில் முண்டுகள் குறைந்திருக்கும் என்பதையும் அப்போதே காணலாம். செடி தன் மாவுச்சத்தைக் கொடுத்து வேருயிருக்குச் சோறிடுகிறது. தழைச்சத்து வேறு வழியில் எளிதாகக் கிடைக்குமாயின், அதற்குச் சோறிட அது விரும்புவதில்லை.

வேருயிர் என்ற சொல் எங்கும் பொருந்துமா என்று கேட்பவர்க்கு ஒரு விதிவிலக்கை நானே காட்டுகிறேன். பசுந்தாள் உரத்துக்காக நாம் வளர்க்கும் மணிலா அகத்தியில் வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முண்டுகள் வரிசையாகக் கட்டும். ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டினின்றும் ஆராயப்பட்ட அவ்வுயிருக்கு 1988-ல் ‘அசோரைசோபியம் காலினோடன்ஸ்’ என்று பெயரிட்டனர். பின்சொல்லுக்குத் ‘தண்டில் முண்டு கட்டுவது’ என்பது பொருள். முன்சொல்லில் வேர் இன்னும் இருக்கிறது. தண்டில் வாழ்வதையும் வேரில் வாழ்வது என்று அழைக்க விஞ்ஞானிகளே தயங்கவில்லை. நாமும் அதை ‘அகத்தி வேருயிர்’ என்று அழைத்துவிட்டு, தண்டிலும் கட்டும் என்று அருகில் ஒரு வரி அச்சிட்டால் போதும்.